பாலத்தடி மடுவில் ஒரு மீனும் இல்லை

அத்தியாயம் 6

மூன்று பேருக்கு இரண்டு வடைதான் வாங்கினான் வினோத். றக்வான பஸ் நிலையத்துக் கடையில் கண்ணாடிப் பெட்டி நிறைய வடை சூடாகத்தான் கிடந்தது. ஆனாலும் த்ரீவீலருக்குத் திரும்பி வந்து, "முடிஞ்சிருச்சிங்க சேர், கடைசி ரெண்டுதான் இருந்திச்சி" என்று பின்சீட்டில் இருந்த கிருஷ்ணகுமாரிடம் பல்லைக் காட்டினான்.

பக்கத்தில் இருந்த ஹில்டா தன் வடையை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியைக் கிருஷ்ணகுமாரிடம் கொடுத்தாள். பெரிய பாதியை! வினோத்துக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

ஹில்டா பொலிஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பலாங்கொடையில் ஒரு போன் கடைக்கு மேலே அறை எடுத்துத் துப்பறிகிறாள். வினோத் அவளுக்குச் சாரதி, உதவியாள். அவனைக் கேட்டால் அவளுடைய பாதி மூளையும் அவன்தான். ஆறு வருஷமாக அவனிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தவள், நேற்றிலிருந்து "தம்பி கிருஷ்ணகுமார், நீங்க என்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்கிறாள். அதுவும் 'நீங்க'! போதாக்குறைக்கு அந்த ஆளும் இன்று காலையிலிருந்து அவளை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ஹில்டாவை அக்கா என்று கூப்பிட வினோத்துக்கு முழுசாக ஒரு வருஷம் பிடித்தது. இவனுக்கு ஒரே ராத்திரியில் கிடைத்துவிட்டது.

"நேத்து சொன்னத இன்னொரு தடவ சுருக்கமா சொல்லுங்க தம்பி," என்றாள் ஹில்டா.

கிருஷ்ணகுமார் மீன் ஆராய்ச்சிக்காரன். வடையை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான். "செவ்வரிக் கெண்டைன்னு ஒரு மீன்ங்க அக்கா. அழிஞ்சி போய்க்கிட்டிருக்கிற இனம். தொட்டியில வளத்து, முப்பது மீன மாரகந்தைத் தேயிலைத் தோட்டத்துல ஓடுற ஓயாவுல, பாலத்துக்கு அடியில இருக்கிற மடுவுல விட்டோம். ஒவ்வொண்ணு வயித்துக்குள்ளயும் அரிசி அளவுல ஒரு சிப் இருக்கு. மடுவுக்கு மேல ஒரு கம்பி வளையம், கீழ ஒரு கம்பி வளையம், ஓயாவுக்குக் குறுக்க நிக்குது. மீன் அதுக்குள்ள நீந்திப் போனா அதோட நம்பர் பெட்டியில பதிஞ்சிரும். எங்க போகுது, எங்க இருக்கப் பிடிக்குதுன்னு தெரிஞ்சிக்கத்தான் இவ்வளவும்."

"இப்ப மடுவுல மீன் இல்ல."

"ஒண்ணுகூட இல்லைங்க. மேல் வளையத்துலயும் பதியல. கீழ் வளையத்துலயும் பதியல."

"அப்ப பஸ்ஸேறிப் போயிருக்கும்," என்றான் வினோத், வளைவில் ஹாரனை அமுக்கிக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை. "தோட்டத்துல எல்லாரும் அதத்தாங்க சொல்றாங்க," என்றான் கிருஷ்ணகுமார், முகம் வாடி. "நீந்திப் போகலன்னா யாரோ அள்ளி பஸ்ஸுல ஏத்திட்டாங்கன்னு. எனக்கு ஒதவியா ஓயாவுல எறங்கி வேல செய்றது தர்மிளாங்கிற தோட்டத்துப் பொண்ணு மட்டும்தான். அதனால தர்மிளாதான் கள்ளின்னு முடிவு பண்ணிட்டாங்க. இன்னைக்கிப் பொழுது சாயிறதுக்குள்ள மீன் எங்கன்னு தெரியலன்னா பொலிஸக் கூப்புடுவேன்னு தொரை சொல்லிட்டாரு. இந்த மீன வித்ததா கேஸ் விழுந்தா ஜெயில்தாங்க அக்கா."

"நீங்க நம்புறீங்களா?"

"சத்தியமா இல்லைங்க. அதனாலதானே ஒங்களத் தேடி வந்தேன்."

வினோத்துக்கோ திருடன் யார் என்பதில் துளி சந்தேகமும் இல்லை. திருடன் பின்சீட்டில் உட்கார்ந்து ஹில்டாக்காவின் வடையைத் தின்றுகொண்டிருந்தான். தானே திருடிவிட்டுத் தானே துப்பறிய ஆளும் கூட்டி வருகிறான் என்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம்! இதை அக்காவிடம் தனியாகச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று பார்த்தான். அந்த ஆள் அக்காவை விட்டு அசைந்தால்தானே.

மாரகந்தையில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. பாலத்துக்குக் கீழே ஓயா கறுப்பாக, ஆழமாக, மடு கட்டி நின்றது. மடுவின் ஒரு கரையோடு பஸ் ரோடு. மறு கரையில் கிருஷ்ணகுமாரின் ஆராய்ச்சிக் குடில்: நாலு கம்பு, மேலே பச்சைப் படங்கு, உள்ளே ஒரு மேசையும் லெப்டொப்பும். தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு ஒரு பெண், நுனியில் வளையம் வைத்த, சிப் பக்கத்தில் இருந்தால் சத்தம் போடும் நீளத் தடியைப் பாறை இடுக்குகளில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். தர்மிளா.

கரையேறி வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மேடம், நான் எடுக்கல," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "எடுத்திருந்தா இந்நேரத்துக்கு எங்கயாச்சும் ஓடியிருப்பேன். ரெண்டு நாளா தண்ணியில நின்னு தேடிக்கிட்டிருக்க மாட்டேன். எங்க லயத்து வீடுகள்லயே கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிட்டு வேற வேலைக்கிப் போன மொத ஆளு நான். இப்ப பிள்ளைங்ககூட என்னயப் பாத்து 'மாலு ஹொரா'ன்னு கூப்புடுதுங்க."

மீன் கள்ளி என்று அர்த்தம். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. ஹில்டா அவள் தோளில் கை வைத்தாள். "எங்கெங்க தேடினீங்க?"

"மடுவுல தேடினேன். கீழ பெக்டரிப் பாலம் வரைக்கும் தேடினேன்."

"மேல?"

"மேல எதுக்குங்க? மேல் வளையத்துல ஒண்ணும் பதியலையே. போகாத எடத்துல போயி என்னாத்தத் தேடுறது?"

அந்த நேரத்தில் ரோட்டிலிருந்து ஒருவன் தேத்தண்ணிப் போத்தலோடு இறங்கி வந்தான். தர்மிளாவின் புருஷன் கஜேந்திரன், தேயிலை பெக்டரியில் வேலை. நல்ல வாட்டசாட்டமான ஆள். வந்ததும் முதல் காரியமாகத் தோளில் கிடந்த துவாயை எடுத்து மனைவியைப் போர்த்திவிட்டான். ஒரு நாளைக்கு மூன்று தடவை இப்படித் தேத்தண்ணி கொண்டு வருவானாம். லயத்துப் பெண்களெல்லாம் இவனைக் காட்டித் தங்கள் புருஷன்மாரைத் திட்டுகிறார்களாம்.

கஜேந்திரன் ஹில்டாவுக்கு ஊற்றினான். வினோத்துக்கு ஊற்றினான். தர்மிளாவுக்கு ஊற்றினான். போத்தலை மூடினான்.

கிருஷ்ணகுமார் ஒன்றும் நடக்காதது மாதிரி லெப்டொப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். பழகிப்போனது போலிருந்தது.

வினோத்தின் கோப்பை வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. அவனும் லயத்தில் பிறந்தவன்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் மூன்று பேருக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற ஆளைத் தோட்டத்தில் அவன் பார்த்ததே இல்லை. பத்தாவிட்டால் அரை அரைக் கோப்பையாக ஊற்றுவார்கள்; இல்லாவிட்டால் தனக்கு இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். போத்தலோ இன்னும் பாதி கனத்துக்கொண்டிருந்தது.

"சோதிக்கிறதுக்கு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா தம்பி?" என்று ஹில்டா கேட்டாள்.

கிருஷ்ணகுமார் ஒரு கம்பை எடுத்து வந்தான். நுனியில் மீனுக்குள் வைக்கிற அதே சிப்பை ஒட்டியிருந்தார்கள். கீழ் வளையத்துக்குள் அதை விட்டதும் கரையில் இருந்த பெட்டி 'பீப்' என்றது. இன்னொரு தடவை விட்டார்கள். இன்னொரு 'பீப்'.

"இது நல்லாத்தான் இருக்கு. மேல இருக்கிறதையும் பாப்போம்."

கிருஷ்ணகுமார் காலால் தரையைத் தேய்த்தான். "மேல் வளையம் பீலிக்கரையில இருக்குங்க. பொம்பளைங்க குளிக்கிற எடம். மறைப்புக் கட்டின பொறகு நான் அங்கிட்டுப் போறதே இல்லைங்க அக்கா. தப்பாப் போயிரும்ல. பெட்டியில பச்சை லைட் எரியுதான்னு தூரத்துல நின்னு பாத்துக்கிடுவேன்."

"அப்ப மறைப்புக் கட்டினதுலருந்து அதுக்குள்ள கம்ப விட்டுப் பாக்கவே இல்ல?"

"இல்லைங்க."

தர்மிளா அதிர்ந்துபோய் அவனைப் பார்த்தாள். "சேர், அது நீங்க பாக்குற வேலைன்னுதானே நான் தொடாம இருந்தேன்?"

வினோத்துக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. "பச்சை லைட் எரிஞ்சா போதும்னா என் த்ரீவீலுக்கும் ஒரு லைட் போட்டுர்றேன் அக்கா," என்றான். "பெட்ரோலே தேவப்படாது." ஹில்டா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். சந்தோஷம் மட்டும் குறையவில்லை.

பீலிக்கரை மடுவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மலையிலிருந்து வரும் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்ட, பக்கத்திலேயே ஓயா ஓடியது. மேல் வளையம் ஓயாவுக்குக் குறுக்கே கதவு நிலை மாதிரி நின்றது. கரையில் வெள்ளையம்மா என்ற நடுத்தர வயதுப் பெண் துணியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க, ஆம்பளைங்களும் வரலாம். குளிக்கிறவங்க எல்லாம் போயாச்சி," என்றாள். "பாத்தீங்களா மேடம், நம்ம கஜேந்திரன் தம்பி கட்டிக் குடுத்த மறைப்ப! இத்தன வருசமா எந்த ஆம்பளைக்கித் தோணிச்சி? கம்புகூட வெட்டல. இந்தக் கம்பிக்காரங்க நட்டு வச்ச தூண்லயே அடிச்சிருச்சி. கெட்டிக்காரப் புள்ள."

தண்ணீர் ஓட அடியில் இடம் விட்டு, ஆளுயரத் தகரங்கள் மூன்று. வளையத்தின் இரண்டு தூணையும் பிடித்துக்கொண்டு, ஆணி அடித்து இறுக்கமாக நின்றன. பெட்டியில் பச்சை லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

ஹில்டா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். சோதனைக் கம்பை வளையத்துக்குள் விட்டாள்.

சத்தமே இல்லை.

மெதுவாக விட்டாள், வேகமாக விட்டாள், அடியில் விட்டாள், மேலே விட்டாள். பச்சை லைட் எரிந்துகொண்டே இருந்தது. பெட்டி வாயே திறக்கவில்லை.

"வினோத், தகரத்தக் கழட்டு."

"எதுக்குங்க?" கஜேந்திரன் முன்னால் வந்தான். "பொம்பளைங்க பொழங்குற எடம்ங்க."

"கழட்டிப் பாத்துட்டுத் திருப்பி அடிச்சிக்கலாம்," என்றாள் ஹில்டா. வினோத் ஓடிப்போய் வண்டியிலிருந்து டயர் கழற்றும் இரும்பை எடுத்து வந்து நெம்பினான். ஆணிகள் கிறீச்சிட்டன. மூன்று தகரத்தையும் தூரத் தள்ளிப் போட்டான். ஹில்டா மறுபடியும் கம்பை விட்டாள்.

'பீப்'.

கிருஷ்ணகுமார் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ! தகரம் பக்கத்துல இருந்தா வளையத்துக்குக் காது கேக்காதுங்க அக்கா! இது என் புத்திக்கி எட்டலையே!"

"அப்ப மீன் மேலதான் போயிருக்கு," என்றாள் ஹில்டா. "இந்த வளையம் செவிடா நின்னதால யாருக்கும் தெரியல."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே தர்மிளா துவாயை எறிந்துவிட்டு, தடியைத் தூக்கிக்கொண்டு ஓயாவுக்குள் இறங்கிவிட்டாள். மேலே ஓயா ஆழமில்லை. கல்லுக்குக் கல் மோதி வெள்ளையாக ஓடியது. இரண்டு பக்கத்து மரங்களும் கிளையைத் தாழ்த்தி நிழல் போட்டிருந்தன. அவள் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், தடியை ஒரு பெரிய கல்லுக்கு அடியில் விட்டாள்.

'பீப்'.

அடுத்த கல்லுக்கு அடியில் விட்டாள். 'பீப். பீப்.'

தர்மிளா அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ரோட்டில் ஜீப் வந்து நின்றது. தோட்டத்துத் தொரை கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "மொகத மே?" என்று, என்ன இது என்று கேட்டுச் சிங்களத்தில் கத்தினார். தர்மிளா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று சுத்தமான சிங்களத்தில் பதில் சொன்னாள். மீன் இங்கே இருக்கிறது, யாரும் திருடவில்லை, வேண்டுமென்றால் இறங்கி வந்து கேட்டுப் பாருங்கள் என்றாள். தொரை இறங்கவில்லை. "ஹரி, ஹரி," என்று சிங்களத்திலேயே சரி சொன்னார். மன்னிப்பு என்ற சொல் வாய் வரை வந்து திரும்பிப் போனது போலிருந்தது. பொலிஸ் வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னது மட்டும் கீழே கேட்டது. ஜீப் போய்விட்டது.

"மடு ஆழமா, அழகா இருக்குன்னு நாங்கதான் அதுங்களுக்கு வீடு பாத்து வச்சோம்," என்றான் கிருஷ்ணகுமார், சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு. "அதுங்களுக்குக் கல்லும் நெழலும் ஓடுற தண்ணியும்தான் பிடிச்சிருக்கு. அக்கா, இதுவே பெரிய கண்டுபிடிப்புங்க!" பிறகு கஜேந்திரனின் தோளைத் தட்டினான். "நீங்க கவலப்படாதீங்கண்ணே. நல்லதுக்குத்தானே கட்டினீங்க."

கஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் மட்டும் அந்தக் கைக்கு அடியிலிருந்து நழுவிக்கொண்டது. அதை வினோத் பார்த்தான். காலையில் வண்டியில் ஏறும்போது இதே கை தன் தோளில் பட்டதும், தானும் இப்படித்தான் நழுவியதும் நினைவுக்கு வந்தன.

அப்போது பஸ் வந்தது. றக்வானயிலிருந்து மேலே ஏறுகிற பஸ், வளைவில் மெல்ல ஊர்ந்தது. ஜன்னல் நிறையத் தலைகள். ஒருவன் வாயில் விரலை வைத்து விசிலடித்தான். "நாசமாப் போறவனுங்க," என்று வெள்ளையம்மா மாராப்பை இழுத்து விட்டுக்கொண்டு துவைப்பைத் தொடர்ந்தாள்.

வினோத் பஸ்ஸைப் பார்த்தான். தகரம் நின்ற இடத்தைப் பார்த்தான். ஹில்டாவின் பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா. பஸ் போற பக்கம் பப்பரப்பான்னு தெறந்து கெடக்கு. குடில் பக்கம் மட்டும் அடைச்சிருக்கு."

"நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஏன்னுதான் புரியல."

"எனக்குப் புரியுது," என்றான் வினோத். "ஊரே பாத்தாலும் கஜேந்திரனுக்குக் கவல இல்ல. ஒரே ஒரு ஆளு பாக்கக் கூடாது. தேத்தண்ணிகூட கிருஷ்ணகுமார் சேருக்கு மட்டும் ஊத்தல, கவனிச்சீங்களா?"

"கவனிக்கலையே. நீ எப்புடிடா கவனிச்ச?"

"நான் காலையில வட வாங்கினேன்ல..."

"முடிஞ்சிருச்சின்னு சொன்னியே?"

"முடியல அக்கா."

ஹில்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"சரி, இத வெளிய விட வேணாம்," என்றாள் மெதுவாக. "அந்தப் புள்ள மேல இருந்த பழி போயிருச்சி. நம்ம வேல முடிஞ்சிது. புருஷன் பொண்டாட்டி விஷயம் நமக்கு எதுக்கு?"

ஆனால் தர்மிளா மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். வளையத்துக்குப் பக்கத்தில், ஓயாவின் நடுவில் நின்றாள். ஊர்ந்து போகும் பஸ்ஸின் பின்கண்ணாடியிலிருந்து இன்னும் யாரோ கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பஸ்ஸைப் பார்த்தாள். இந்தப் பக்கம் திரும்பி, ஆணி பிடுங்கிய தூண்களுக்கு நடுவே நேராகத் தெரிந்த குடிலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தாங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "எதுக்கு இந்தப் பக்கம் மட்டும் அடிச்சீங்க?"

"தகரம் பத்தல," என்றான் கஜேந்திரன்.

"பத்தாம என்னா தம்பி?" வெள்ளையம்மா துணியைப் பிழிந்துகொண்டே, வெள்ளை மனசோடு சொன்னாள். "ஒங்க வீட்டுக்குப் பின்னால இன்னும் நாலு சும்மாதானே சாத்தி வச்சிருக்கு?"

கஜேந்திரனின் முகம் முதலில் சிவந்தது, பிறகு உடைந்தது.

"நான் என்னா செய்யட்டும்?" என்றான். "ராத்திரி சோத்துக்கு முன்னால ஒக்காந்தாலும் சேர் இப்புடிச் சொன்னாரு, சேர் அப்புடிச் சொன்னாருன்னு அவரு பேச்சுத்தான். நான் நாள் பூரா பெக்டரியில மாயுறேன். ஒரு நாளாச்சும் நான் சொன்னத நீ யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கியா? நீ ஈரத் துணியோட இங்க நிக்கிற. அவரு அங்க நெழல்ல ஒக்காந்திருக்காரு. பெக்டரியில எனக்கு வேலையே ஓடலடி. நெஞ்செல்லாம் எரியுது."

"அண்ணே, நான் லெப்டொப்பத் தவிர..." என்று கிருஷ்ணகுமார் பதறிக்கொண்டு வந்தான். தர்மிளா அவனைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

வினோத்துக்கு ஓடிப்போய்விட வேண்டும் போலிருந்தது. கஜேந்திரன் சொன்ன ஒவ்வொரு சொல்லும், ஆளை மாற்றினால், காலையிலிருந்து இவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்த சொல்தான். சபையில் வைத்துக் கேட்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருந்தது! வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

"அப்ப பழி வந்தப்ப?" என்று தர்மிளா கேட்டாள். "லயமே என்னயக் கள்ளின்னு சொன்னப்ப, நீங்களும் நம்புனீங்களா?"

"இல்ல! சத்தியமா இல்ல. நீ மீன எடுக்க மாட்டன்னு எனக்குத் தெரியும்."

"மீன எடுக்க மாட்டேன்னு மட்டும் தெரியும்." அவள் மெதுவாகத் தலையாட்டினாள். "தொரை என்னயக் கள்ளின்னாரு. அவருக்கு என்னயத் தெரியாது, நான் அழுதுட்டு விட்டுட்டேன். ஒங்களுக்கு என்னய ஒம்பது வருசமாத் தெரியும்."

கஜேந்திரன் துவாயை எடுத்துக்கொண்டு தண்ணீரில் ஒரு காலை வைத்தான். "வா, குளுருல நடுங்குற. வீட்டுக்குப் போவோம்."

"எனக்கு வேல இருக்கு," என்றாள் தர்மிளா. தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "மூணு மீன்தான் கெடச்சிருக்கு. இன்னும் இருவத்தேழு மீன் எங்க இருக்குன்னு பாக்கணும். எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டு, வீட்டுக்கு வாறதா வேணாமான்னு சொல்றேன்."

அவள் ஓயாவின் மேல்பக்கமாக ஏறிப் போனாள். கஜேந்திரன் துவாயோடு அங்கேயே நின்றான். மேலே மரங்களுக்குள்ளிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. நாலாவது மீன்.